துவக்கும் பத்திரமும்: வாசகர் கேள்வி-பதில்

கதிர் பால் பிடிக்கத் தொடங்கினால் பன்றி வயலுக்கு வரும், கடிதம் எனக்கு வரும். எல்லாம் பயிர் காக்கும் துவக்கையும் (துப்பாக்கி) அதற்கான அனுமதிப் பத்திரத்தையும் பற்றியவை. இந்த முறை வந்தவற்றில் சில.

என் சொந்தக் காணிக்குள் நின்று சுட்டால் யார் கேட்பது? (வெல்லாவெளி)

பொலிஸ் கேட்கும். காணி உறுதி துவக்குப் பத்திரம் ஆகாது. பயிர்ப் பாதுகாப்புக்கென்று தந்த பத்திரம் பயிரைக் காக்க மட்டும்தான்; கலியாண வீட்டு வெடிக்கும் புத்தாண்டுக்கும் இல்லை. இன்னொன்று: பெரிய சன்னங்கள் நிரப்பிய எஸ்.ஜி. தோட்டாவின் குண்டு ஐந்நூறு மீற்றருக்கு மேலும் பறக்கக்கூடும். இரண்டு ஏக்கர் சதுரக் காணியின் ஒரு பக்கம் தொண்ணூறு மீற்றர்தான். அங்கால் வட்டையில் (வயல்வெளியில்) காவலுக்குப் படுத்திருப்பவனுக்கு உங்கள் வரம்பு எதுவென்று குண்டு சொல்லாது.

பத்திரம் புதுப்பிக்கும் கடைசி நாள் டிசம்பர் 31 தவறிவிட்டது. அறுவடை முடிந்த பிறகு புதுப்பிக்கலாமா? (உன்னிச்சை)

ஒக்டோபர் முதல் மூன்று மாதம் தந்தும் போதவில்லையா? புதுப்பிக்காத துவக்கு பத்திரமில்லாத துவக்குதான். பரணில் ஒளிக்காமல் பொலிஸில் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். அதற்குப் பிறகு மாவட்டச் செயலகத்துக்குப் போங்கள்.

நான் கொழும்புக்குப் போகிறேன். இரண்டு கிழமைக்கு மச்சான் பாவிக்கலாமா? (சம்மாந்துறை)

பத்திரத்தில் மச்சான் பெயர் இருக்கிறதா? இல்லையென்றால் இல்லை.

பத்திரமுள்ள துவக்கைத்தானே விசையில் கயிறு பூட்டிப் பன்றித் தடத்தில் கட்டிவைக்கிறேன், அதில் என்ன பிழை? (புல்லுமலை)

இந்தக் கேள்வி வராத வருசமே இல்லை. 'பத்திரமுள்ள' என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் கட்டுத்துவக்கு நல்லதாகிவிடும் என்று யார் சொன்னார்கள்? பத்திரம் உங்கள் பெயரில். கயிறு யார் பெயரில்? விசையை இழுப்பது நீங்கள் இல்லை, இருட்டில் அந்தக் கயிற்றில் முட்டுகிற எதுவோ. அது பன்றியாக இருக்கலாம், பால்மாடாக இருக்கலாம், விறகுக்குப் போன கிழவியாக இருக்கலாம். பன்றியின் உயரத்துக்குக் கட்டிய குழல் மனிதனுக்கு முழங்காலில் பிடிக்கும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முன் இரத்தம் போய்விடும். யானைக்குக் காலில் பட்டால் உடனே சாகாது. சீழ் பிடித்து நொண்டி நொண்டி மாதக்கணக்கில் உங்கள் வட்டையைத்தான் சுற்றும்.

"என் காணிதான், வேலி போட்டிருக்கிறேன்" என்பார்கள். வேலி போட்ட காணிக்குள் உங்கள் பிள்ளையே போகாதா? கட்டுத்துவக்கு எந்தக் காணியிலும் சட்டவிரோதம். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தை 1996இல் திருத்தித் தண்டனையைக் கடுமையாக்கியிருக்கிறார்கள். கரண்ட் கம்பி இழுப்பவர்களுக்கும் இதே பதில்தான். பன்றிக்குக் காவல்தான் வழி. நித்திரை கெடும், தெரியும்.

துவக்கு எடுக்க என்ன செய்யவேணும்? உடன் பதில் தரவும். (ஊர் எழுதவில்லை)

எந்த மாவட்டம், எத்தனை ஏக்கர், என்ன பயிர் என்று எழுதாதவருக்கு உடன் பதில் எப்படித் தருவது? முதலில் கிராம சேவகரிடம் போங்கள் தம்பி.

அப்பா காலமாகிவிட்டார், துவக்கு வீட்டில் இருக்கிறது. (மண்டூர்)

அவருடைய பத்திரம் அவரோடு முடிந்தது. நினைவுப் பொருளாக வைத்திருக்க முடியாது. இன்றே பொலிஸில் ஒப்படைத்து ரசீது எடுங்கள், பிறகு உங்கள் பெயருக்கு விண்ணப்பிக்கலாம். தோட்டாவையும் சேர்த்துக் கொடுங்கள். துவக்கைக் கொடுத்துவிட்டுத் தோட்டாவை அலுமாரியில் மறப்பவர்கள்தான் அதிகம்.

யானை வந்தால் மேலே பார்த்து ஒரு வெடி வைக்கலாமா? (திருக்கோவில்)

அதற்குத்தான் வனசீவராசிகள் அலுவலகத்தில் யானை வெடி (யானை விரட்டும் பட்டாசு) தருகிறார்கள். துவக்கை வீட்டில் வைத்துவிட்டு அதைக் கொண்டுபோங்கள். மேலே பார்த்து என்று தொடங்கும் வெடி, யானை நெருங்க நெருங்க கீழே இறங்கும்.

அப்புறம், தன் பத்திரத்தையும் அடையாள அட்டையையும் படமெடுத்து அனுப்பிய வாசகருக்கு: எனக்கு அவை தேவையில்லை, வேறு யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். ஆனால் உங்கள் பத்திரம் போன வருசத்தது.