ஊர் கூடி நகர்த்திய கலங்கரை விளக்கம்

கேள்வி: அமெரிக்காவில் ஒரு கலங்கரை விளக்கத்தை இடிக்காமல், பிரிக்காமல், அப்படியே தூக்கி வேறு இடத்தில் வைத்தார்களாமே? நிஜமா, வாட்ஸ்அப் கதையா?
(நாகர்கோவில் வாசகர்)

நிஜம்தான். அதுவும் ஒன்றல்ல, பல. வட கரோலினா மாநிலத்தின் ஹாட்டெராஸ் முனையில் இருந்ததை 1999-இல் 2,900 அடி தள்ளிக் கொண்டுபோனார்கள், ஆனால் அது மத்திய அரசின் பணத்தில் நடந்த வேலை. எனக்குப் பிடித்தது மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மார்த்தாஸ் வினியார்டு தீவின் மேற்குக் கோடியில் நிற்கும் கே ஹெட் விளக்கம். அங்கே இருக்கும் அக்வின்னா என்ற ஊரின் ஜனத்தொகையே 2010 கணக்குப்படி 300 சொச்சம்தான். நம்மூர்க் கல்யாண மண்டபம் ஒன்றில் மொத்த ஊரையும் உட்காரவைத்து ஒரே பந்தியில் பரிமாறிவிடலாம்.

1799-இல் மரத்தில் கட்டி, 1856-இல் செங்கல்லில் மாற்றிக் கட்டிய கோபுரம் அது. பிரச்சினை கோபுரத்தில் இல்லை, அது நின்ற இடத்தில். சிவப்பும் வெள்ளையுமாக வரிவரியாகத் தெரியும் களிமண் குன்று, பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் அடியில் அலை அரிக்க, மேலே மழை கரைக்க, கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்துகொண்டே வந்து, 2013 வாக்கில் கோபுரத்துக்கும் விளிம்புக்கும் நடுவே 50 அடிகூட இல்லை. அந்த வருஷம்தான் அமெரிக்காவின் தேசியப் பாரம்பரிய அறக்கட்டளை, ஆபத்தில் இருக்கும் 11 இடங்களின் பட்டியலில் இதையும் சேர்த்தது.

சரி, நகர்த்தலாம் என்று முடிவெடுத்தால் போதுமா? கோபுரம் கடலோரக் காவல் படையின் பெயரில் இருந்தது. வேறொருவர் சொத்தில் நீங்கள் ஒரு செங்கல்லைக்கூடத் தொட முடியாது. நல்லவேளையாக, அரசுக்கு இனி வேண்டாத கலங்கரை விளக்கங்களை உள்ளாட்சிகளோ அறக்கட்டளைகளோ வாங்கிக்கொள்ள 2000-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வழிசெய்திருந்தது. ஊர் கூட்டம் போட்டு, விண்ணப்பித்து, 2015 தொடக்கத்தில்தான் பத்திரம் கைக்கு வந்தது. செலவு சுமார் 30 லட்சம் டாலர். 300 பேர் உள்ள ஊர் எங்கே போகும் அதற்கு? தீவில் இருக்கும் மற்ற ஐந்து ஊர்களும் கை கொடுத்தன. சொத்து வரியோடு சேர்த்துப் பழமையைக் காப்பது போன்ற காரியங்களுக்கென்று தனியாகப் பிடிக்கும் நிதி அங்கே உண்டு, அதிலிருந்து எடுத்துத் தர ஒவ்வொரு ஊரும் தன் கூட்டத்தில் வாக்களித்துச் சம்மதித்தது. மீதி நன்கொடை. என்னைக் கேட்டால் கதையே இதுதான், பின்னால் வந்தது இயந்திர வேலை.

அந்த வேலையையும் சொல்லாமல் விட்டால் நீங்கள் கோபித்துக்கொள்வீர்கள். அஸ்திவாரத்தைச் சுற்றித் தோண்டி, கோபுரத்துக்கு அடியில் துளைபோட்டு இரும்பு உத்தரங்களை ஒவ்வொன்றாக நுழைத்து, ஹைட்ராலிக் ஜாக்கிகளை வைத்து ஒரே சீராகத் தூக்கினார்கள். ஒரு ஜாக்கி முந்திக்கொண்டாலும் செங்கல் விரிசல் விடும். தூக்கியது சுமார் 400 டன். அப்புறம் தண்டவாளம் போல இரும்புப் பாதை அமைத்து, வழுக்குவதற்குச் சோப்பு தேய்த்து, பின்னாலிருந்து ஜாக்கியால் சில அடி தள்ளுவது, ஜாக்கியை முன்னே நகர்த்தி முட்டுக் கொடுப்பது, மறுபடி தள்ளுவது. தேருக்கு நெம்புகட்டை போடுகிறவர்களைப் பக்கத்தில் நின்று பார்த்திருந்தால் இது உடனே புரிந்துவிடும், என்ன, இங்கே வடம் கிடையாது. மே மாதக் கடைசியில் மூன்றே நாளில் சுமார் 130 அடி உள்ளே போய்விட்டது. ஆகஸ்டில் மறுபடி விளக்கு ஏற்றினார்கள், பழையபடி வெள்ளையும் சிவப்பும் மாறி மாறி.

கேள்வி: ஜிபிஎஸ் இருக்கும் காலத்தில் யாருக்கு வேண்டும் கலங்கரை விளக்கம்? அந்தப் பணத்தில் உருப்படியாக ஏதாவது செய்திருக்கலாமே?
(ராமநாதபுரம் வாசகர்)

ஜிபிஎஸ் பழுதாகிற இரவில் ஒரு படகுக்காரரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். ஆனால் அதைச் சொல்லித் தப்பிக்க மாட்டேன், அக்வின்னா மக்கள் அதற்காகக் கூடவில்லை. 1884 ஜனவரியில் ‘சிட்டி ஆஃப் கொலம்பஸ்’ என்ற நீராவிக் கப்பல் இந்த விளக்கத்துக்கு எதிரே இருக்கும் பாறையில் மோதி நூறு பேருக்கு மேல் செத்தார்கள். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. உறைபனிக் கடலில் துடுப்புப் போட்டுப் போய், பிழைத்தவர்களில் பலரைக் கரை சேர்த்தவர்கள் அங்கேயே காலங்காலமாக வாழும் வாம்பனோக் பழங்குடியினர். அவர்கள் வம்சத்தைச் சேர்ந்தவர்கள் இன்றும் அதே ஊரில் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் அந்தக் கோபுரம் கடலில் விழட்டும் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது.

கேள்வி: எங்கள் ஊர்க் கடற்கரையிலும் பழைய விளக்குத் தூண் ஒன்று காரை உதிர்ந்து நிற்கிறது. இளைஞர்கள் சேர்ந்து சிமென்ட் பூசி வெள்ளையடிக்கலாம் என்று இருக்கிறோம். யோசனை சொல்லுங்கள்.
(நாகப்பட்டினம் மாவட்ட வாசகி)

தயவுசெய்து சிமென்ட் வேண்டாம் அம்மா. பழைய செங்கல் சுவர் சுண்ணாம்புக் காரையில் கட்டியது, ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும், கடற்காற்றின் உப்பு செங்கல்லுக்குள் படிகமாகி அதைப் பொடிப்பொடியாக்கும், நாலைந்து மழைக்காலத்தில் உங்கள் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று, கூடவே பழைய செங்கல்லையும் பிய்த்துக்கொண்டு வரும். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரில் சுண்ணாம்பு குழைக்கத் தெரிந்த கொத்தனார்கள் கோயில் திருப்பணிகளில் இன்னும் இருக்கிறார்கள், தேடிப் பிடியுங்கள்.

அதற்கும் முன்னால், தூண் யார் பெயரில் இருக்கிறது என்று தாலுகா அலுவலகத்தில் பாருங்கள். கலங்கரை விளக்கத் துறையுடையது என்றால் 2021-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே பாரம்பரியக் கலங்கரை விளக்கம் என்று ஒரு வகை இருக்கிறது, அதைச் சொல்லி மனுக் கொடுங்கள். தொல்லியல் துறையுடையது என்றால் அனுமதி இல்லாமல் கை வைப்பதே குற்றம். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 1844-இல் எழுப்பிய தூண் ஒன்று நிற்கிறது, விளக்கு 1894-இல் நீதிமன்றக் குவிமாடத்துக்கும் 1977-இல் மெரினாவுக்கும் மாறிப் போய்விட்டாலும் தூணை யாரும் இடிக்கவில்லை. சென்னை போகும்போது ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள். அதுவரைக்கும் சிமென்ட் மூட்டையோடு யாராவது வந்தால், ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.