டிஜிட்டல் ரேடியோ வாங்கலாமா?

கேள்வி: என் பழைய எஃப்.எம். ரேடியோ பழுதாகிவிட்டது. டிஜிட்டல் ரேடியோ வாங்கினால் சிடி தரத்தில் ஒலி கேட்கும், நிலையங்களும் ஏராளம் என்கிறார் கடைக்காரர். ஏற்கெனவே வாங்கிய நண்பரோ, டப்பாவுக்குள் பாடுவது போல இருக்கிறது, எங்கே திருப்பினாலும் ஒரே பாட்டுதான் என்கிறார். யாரை நம்புவது?

பதில்: நண்பரைத்தான். கடைக்காரர் சொல்லும் இரண்டும் ஒருசேரக் கிடைக்காது. டிஜிட்டலில் பல நிலையங்கள் ஒரே அலைவரிசையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஐரோப்பாவில் உருவான டி.ஏ.பி. என்ற பழைய டிஜிட்டல் ஒலிபரப்பு முறையில் அந்த மொத்த அலைவரிசையும் சுமப்பது வழக்கமாக நொடிக்குச் சுமார் 1,150 கிலோபிட் (தரவை அளக்கும் அலகு). ஒரு சிடிக்கு மட்டும் 1,411 கிலோபிட் வேண்டும் என்பதை வைத்துப் பார்த்தால் 'சிடி தரம்' என்ற பேச்சு எவ்வளவு தூரம் நிற்கும் என்று தெரியும். சரி, ஒலியைச் சுருக்கித்தானே அனுப்புகிறார்கள் என்பீர்கள். உண்மைதான், ஆனால் டி.ஏ.பி.யில் இருக்கும் எம்பி2 சுருக்க முறையில் ஸ்டீரியோ இசை ஓரளவு நன்றாக வரவே 192 கிலோபிட் தேவை, அப்படிக் கொடுத்தால் ஆறு நிலையத்தோடு இடம் தீர்ந்துவிடும். அதனால் பிரிட்டனில் 128 கிலோபிட்டுக்கு இறங்கினார்கள், பல நிலையங்கள் 80 கிலோபிட் மோனோவுக்கே, அதாவது இடது வலது பிரிவில்லாத ஒற்றை ஒலிக்கே, போய்விட்டன. எஃப்.எம்.மில் ஸ்டீரியோவாகக் கேட்ட பாட்டை, புது செட்டுக்குக் காசு கொடுத்து மோனோவில் கேட்பதை முன்னேற்றம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பின்னால் வந்த டி.ஏ.பி. பிளஸ் குறைந்த கிலோபிட்டிலேயே நல்ல ஒலி தரக்கூடியது. ஆனால் மிச்சமான இடத்தில் ஒலியை உயர்த்தாமல் இன்னும் நிலையங்களைத் திணித்தார்கள். 32 கிலோபிட்டில் ஓடுபவையும் உண்டு.

நிகழ்ச்சிகளின் குறையும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. இடம் மலிந்ததும் ஒரே நிறுவனம் எண்பதுகளுக்கு ஒன்று, தொண்ணூறுகளுக்கு ஒன்று என்று கிளை நிலையங்களைத் திறக்கிறது. பெரும்பாலான நேரம் பேச ஆளில்லை, கணினிப் பட்டியல் ஓடுகிறது. பாட்டு மட்டும் போதுமென்றால் அதற்குத்தான் கைபேசி இருக்கிறதே! மக்கள் கேட்பது நிகழ்ச்சியை. டிஜிட்டலுக்கென்றே 2002இல் தொடங்கிய பிபிசி 6 மியூசிக் நிலையத்தை மூடலாம் என்று 2010இல் பிபிசி நிர்வாகம் முன்மொழிந்தபோது நேயர்கள் போராடி அதைக் காப்பாற்றினார்கள், ஏனென்றால் அங்கே இசையை அறிந்து பேசும் ஆட்கள் இருந்தார்கள்.

அப்புறம் சிக்னல். எஃப்.எம். தேய்ந்தால் இரைச்சலோடாவது கேட்கும், டிஜிட்டலோ சற்றுக் கொப்பளித்துவிட்டுச் சட்டென்று அடங்கிவிடும். ஒலி சில நொடி தாமதமாக வருவதால் மணியொலியை வைத்துக் கடிகாரத்தைத் திருத்தவும் முடியாது.

வாங்கத்தான் வேண்டுமென்றால், முதலில் உங்கள் நாட்டில் எந்த முறை என்று பாருங்கள். அமெரிக்காவின் எச்.டி. ரேடியோ, இந்தியாவின் டி.ஆர்.எம்., ஐரோப்பாவின் டி.ஏ.பி. பிளஸ் மூன்றும் வேறு வேறு, ஒன்றுக்கான செட் மற்றதை எடுக்காது. வெறும் 'டி.ஏ.பி.' என்று மட்டும் போட்ட பழைய செட்டை யாராவது மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம், அதில் டி.ஏ.பி. பிளஸ் நிலையங்கள் வராது. நார்வேயில் தேசிய நிலையங்கள் 2017இலேயே எஃப்.எம்.மை நிறுத்திவிட்டதால் அங்கே வேறு வழியில்லை. மற்ற இடங்களில் எஃப்.எம்.மும் சேர்ந்த செட்டாக எடுங்கள். திருப்பிக் கொடுக்க அனுமதிக்கும் கடையில் வாங்கி, வழக்கமாகக் கேட்கும் அறையிலேயே வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.