எல்இடி எரிகிறது, திரையில் ஓர் எழுத்தும் இல்லை

கேள்வி: ஐயா, பாலக்கோடு பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். டிப்ளமோ இசிஇ கடைசி வருடம். இஸட்80 என்ற பழைய சிபியு சிப்பை வைத்து அந்தக் காலத்து மாதிரி ஒரே போர்டில் கம்ப்யூட்டர் கட்டும் கிட் ஒன்றை வரவழைத்தேன். ப்ரோக்ராம் இருக்கும் 27சி512 ரோம், லேப்டாப்போடு பேசும் சீரியலுக்கு 68பி50 சிப், க்ளாக் துடிப்புக்கு 7.3728 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். பகலில் கல்லூரி என்பதால் நான்கு நாள் சாயங்காலம் உட்கார்ந்து சால்டர் செய்தேன். அந்த நேரத்தில் கிணற்று மோட்டார்கள் ஓடும், வீட்டில் ஃபேன்கூட மெதுவாகத்தான் சுற்றும். பவர் எல்இடி எரிகிறது. லேப்டாப்பில் கேபிள் மாட்டி டெர்மினலைத் திறந்தால் ஓர் எழுத்தும் வரவில்லை. சிபியு போய்விட்டதா? புதிது வாங்க அப்பாவிடம் பணம் கேட்கத் தயக்கமாக இருக்கிறது. என்னிடம் இருப்பது ஒரு மல்டிமீட்டர்தான்.

பதில்: தம்பி, இப்போதைக்கு அப்பாவிடம் எதுவும் கேட்க வேண்டாம். சிபியு நன்றாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஃபேன் மெதுவாகச் சுற்றும் என்று எழுதியிருக்கிறீர்களே, என் சந்தேகம் முழுக்க அங்கேதான்.

25 வாட் சால்டரிங் அயர்ன் 230 வோல்ட் வந்தால்தான் 25 வாட். வோல்டேஜ் 180-க்கு இறங்கினால் சுமார் 15 வாட்தான் கிடைக்கும். ரெசிஸ்டர் காலுக்கு அந்தச் சூடு எப்படியோ போதும். ஆனால் கிரவுண்டுக்குப் போகும் பின்கள் அகலமான செம்புப் பரப்போடு சேர்ந்திருக்கும், வைக்கிற சூட்டை அந்தச் செம்பு இழுத்துக்கொள்ளும். லெட், அதாவது சால்டர் கம்பி, உருகிக் காலைச் சுற்றி உருண்டையாக நிற்கும், போர்டின் செம்புப் புள்ளியான பேடில் பிடித்திருக்காது. பார்வைக்கு நன்றாகப் பற்றியது போலவே இருக்கும். ட்ரை சால்டர் என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. பாலிடெக்னிக் லேபில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு, கிருஷ்ணகிரி பழையபேட்டையில் என் வீட்டு மாடியில் இதே வகை கிட் ஒன்றைக் கட்டினேன். மூன்று நாள் அசையவில்லை. ரோமை மாற்றினேன், ராமை மாற்றினேன். கடைசியில் பார்த்தால் சிபியு சாக்கெட்டின் 29-ஆவது பின், அதாவது கிரவுண்ட், போர்டில் பிடிக்கவே இல்லை. மீட்டர் ஏன் அதை முதலிலேயே காட்டவில்லை என்றால், நான் ப்ரோபை அடிப்பக்கத்தில் லெட் மேல் வைத்து அழுத்தியிருக்கிறேன். அழுத்தும்போது இணைப்பு கிடைக்கும், எடுத்தால் போய்விடும். அதனால் நீங்கள் மேல்பக்கம் ஐசியின் காலிலேயே ப்ரோபை லேசாகத் தொட்டுப் பாருங்கள். இந்த ஒரு பழக்கம் உங்களுக்கு நிறைய நேரம் மிச்சம் பிடிக்கும்.

சரி, எங்கே தொடங்குவது? பவரை நிறுத்தி ஐசிகளையெல்லாம் கழற்றிவிட்டு, மறுபடி பவர் கொடுத்து சிபியு சாக்கெட்டில் 11-க்கும் 29-க்கும் இடையே 5 வோல்ட் வருகிறதா பாருங்கள். வந்தால் பவரை நிறுத்தி, ஐசியின் வெட்டுப் பள்ளம் போர்டில் வரைந்திருக்கும் பக்கமே இருக்கும்படி எல்லாவற்றையும் திரும்ப மாட்டுங்கள். அடுத்து க்ளாக். ஆஸிலோஸ்கோப் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து 6-ஆவது பின்னைத் தொடுங்கள். க்ளாக் ஓடினால் மேலும் கீழும் போவதன் சராசரியாக இரண்டு, இரண்டரை வோல்ட் காட்டும். 0 அல்லது 5 என்று அசையாமல் நின்றால் க்ளாக் இல்லை, கிரிஸ்டல் பக்கம் போங்கள். அப்புறம் 26-ஆவது பின், ரீசெட். சாதாரணமாக 5 வோல்ட் அருகே இருக்க வேண்டும், பட்டனை அழுத்தும்போது மட்டும் 0-க்கு இறங்க வேண்டும். பல ரெசிஸ்டர்கள் ஒன்றாக உள்ள ரெசிஸ்டர் பேக்கைத் திருப்பிப் போட்டுவிட்டாலும் இந்த மாதிரிப் பின்கள் தாறுமாறாகும். அதன் முதல் காலில் ஒரு புள்ளி இருக்கும், அதையும் சரிபாருங்கள்.

இவை மூன்றும் சரியாக இருந்து இன்னும் மௌனம் என்றால், எனக்கு மிகவும் பிடித்த ஒரு சோதனை இருக்கிறது. பவரை நிறுத்தி ரோமையும் ராமையும் கழற்றுங்கள். ரோம் சாக்கெட்டில் 11, 12, 13, பிறகு 15 முதல் 19 வரை உள்ள எட்டும் டேட்டா பின்கள். ஒவ்வொன்றிலிருந்தும் கிரவுண்டான 14-ஆவது பின்னுக்கு ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். இனி சிபியு எந்த முகவரியைப் படித்தாலும் 00 தான் கிடைக்கும். இஸட்80-க்கு 00 என்றால் ஒன்றும் செய்யாமல் அடுத்த முகவரிக்குப் போ என்று பொருள். அது 65,536 முகவரிகளையும் வரிசையாக நடந்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஒவ்வொன்றுக்கும் 4 க்ளாக். மேல் முகவரிக் கோடான ஏ15, அதாவது 5-ஆவது பின், உங்கள் கிரிஸ்டலுக்கு நொடிக்கு 28 முறை துடிக்க வேண்டும். அந்தப் பின்னில் ஒரு எல்இடியையும் 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் தொடராகக் கிரவுண்டுக்கு வைத்து, விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். படபடவென்று துடித்தால் உங்கள் சிபியு உயிரோடு இருக்கிறது. அதை முதல் தடவை பார்த்த இரவு நான் வெகுநேரம் தூங்கவில்லை.

பவரை நிறுத்தி அந்த ரெசிஸ்டர்களை எடுத்துவிட்டு ரோமையும் ராமையும் திரும்ப மாட்டுங்கள். அதற்குப் பிறகும் எழுத்து வராவிட்டால் கேபிளைப் பாருங்கள். போர்டின் டிஎக்ஸ், அதாவது அனுப்பும் கால், கேபிளின் ஆர்எக்ஸ் என்ற பெறும் காலுக்குப் போக வேண்டும். டெர்மினல் வேகம் 115200, 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட்.

சந்தேகப்படும் கால்களையெல்லாம் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து மறுபடி சூடாக்குங்கள். மோட்டார்கள் ஓடாத நேரம், வோல்டேஜ் முழுதாக இருக்கும். லெட் நன்றாகப் பிடிக்க உதவும் ஃப்ளக்ஸ் தொட்டு, முதலில் பேடையும் காலையும் சேர்த்துச் சூடாக்கி, பிறகு லெட்டைக் கொடுங்கள். லெட்டில் ஈயம் இருக்கிறது. சாப்பிடும் இடத்தில் வேலை செய்யாதீர்கள், முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.

கேள்வி: நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். இந்தக் கிட்களில் 8 மெகாஹெர்ட்ஸ் என்று முழு எண்ணாகப் போடாமல் 7.3728 என்று ஏன் போடுகிறார்கள்?

பதில்: 73,72,800-ஐ 64-ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியில்லாமல் 1,15,200 வரும். சிபியுவுக்குப் போகும் அதே க்ளாக்கை 68பி50 சிப் 64-ஆல் வகுத்து சீரியல் வேகமாக்கிக்கொள்கிறது, அதனால் தனியாக இன்னொரு கிரிஸ்டல் தேவையில்லை. 8 மெகாஹெர்ட்ஸ் போட்டால் 1,25,000 ஆகும், எட்டு சதவீதத்துக்கும் மேல் பிசகு. ஓர் எழுத்துக்கு ஸ்டார்ட், ஸ்டாப் சேர்த்துப் பத்து பிட். ஐந்து சதவீதம் பிசகினாலே கடைசி பிட்டில் பாதி பிட் தள்ளிப்போய்விடும், திரையில் குப்பைதான் வரும். ஓர் எண்ணை இப்படித் தேர்ந்தெடுத்து ஒரு கிரிஸ்டலை மிச்சப்படுத்திய அந்தச் சிக்கனம் எனக்கு அழகாகப் படுகிறது. இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்க்க முடிவதால்தான் இந்தச் சின்னக் கம்ப்யூட்டர்களைப் பிள்ளைகள் கட்ட வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்கிறேன்.

கேள்வி: தர்மபுரியில் மைக்ரோப்ராசஸர் பாடம் நடத்துகிறேன். 8085 ட்ரெய்னர் கிட்டில் எழுதிய ப்ரோக்ராம்கள் இஸட்80-இல் ஓடுமா? அந்தச் சிப் இன்னும் கிடைக்கிறதா?

பதில்: பெரும்பாலும் ஓடும், டீச்சர். இன்டெல் 8080-ஐ வடிவமைத்த ஃபெடரிகோ ஃபாஜின்தான் ஸைலாக் நிறுவனத்தைத் தொடங்கி 1976-இல் இஸட்80-ஐயும் கொண்டுவந்தார். அதனால் 8080-இன் கட்டளைகள் அப்படியே இஸட்80-இல் இருக்கின்றன. உங்கள் 8085-உம் அதே 8080 கட்டளைகளோடு ரிம், சிம் என்ற இரண்டைச் சேர்த்துக்கொண்டதுதான். கட்டளையின் பெயர்தான் மாறும், 3இ, 76 போன்ற அதன் ஹெக்ஸ் எண்கள் மாறாது. 40 கால் இஸட்80-ஐ நிறுத்துவதாக ஸைலாக் 2024 ஏப்ரலில் அறிவித்துவிட்டது. இப்போது புழங்குவது இருப்பில் உள்ளதும் கழற்றியதும்தான். வாங்கியதும் மேலே சொன்ன 00 சோதனையைச் செய்துவிடுங்கள். ப்ரோக்ராம்களில் முதலில் மாற்ற வேண்டியவை அந்த ரிம், சிம். அவற்றின் எண்களான 20, 30 இஸட்80-இல் வேறு இடத்துக்குத் தாவும் கட்டளைகள்.