நாபுலஸுக்குக் குடிவருவோர் முதலில் அறியவேண்டிய இரண்டு மலைகள்

வணக்கம் சகோதரி. கணவருக்கு அந்-நஜாஹ் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு வேலை, ஆறு வயதுப் பிள்ளையோடு பாலஸ்தீனத்தின் மேற்குக் கரையிலுள்ள நாபுலஸ் வருகிறோம், வீடு எந்தப் பக்கம் பார்ப்பது, சைவச் சாப்பாட்டுக்கு வழி உண்டா, ஊரின் வரலாறும் பண்பாடும் எப்படி என்று கேட்டிருந்தீர்கள். இந்த ஊரில் இவற்றைத் தனித்தனியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. வீட்டுத் தண்ணீரிலிருந்து பேச்சு வழக்கு வரைக்கும் எல்லாம் நிலத்தின் அமைப்போடு பின்னிக் கிடக்கிறது. அதனால் மலையிலிருந்தே தொடங்குகிறேன்.

தெற்கே கெரிசீம், 881 மீட்டர். வடக்கே ஏபால், 940 மீட்டர். நடுவில் கிழக்கு மேற்காக ஓடும் ஒடுங்கிய பள்ளத்தாக்கில், சுமார் 550 மீட்டர் உயரத்தில் ஊர் கிடக்கிறது. விவிலியம் படித்தவர்களுக்கு இந்தப் பெயர்கள் புதிதல்ல; ஆசீர்வாதம் கூறிய மலை கெரிசீம், சாபம் கூறிய மலை ஏபால். பாறை அடுக்குகள் வடக்கு நோக்கிச் சாய்ந்திருப்பதால் மழைநீர் கெரிசீமின் அடிவாரத்தில்தான் ஊற்றுகளாக வெளிவருகிறது. ராஸ் அல்-ஐன், கர்யூன் போன்ற ஊற்றுகள் எல்லாம் இந்தப் பக்கமே. பழைய நகரமும் அந்த ஈரத்தை ஒட்டித்தான் எழுந்தது.

வீடு தேடும்போது இதே கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். கெரிசீம் சரிவு வடக்கே பார்ப்பதால் குளிர்காலத்தில் வெயில் குறைவு. நவம்பர் முதல் மார்ச் வரை மழை, எப்போதாவது பனியும் விழும். கல் வீடுகள் கோடையில் குளுமை தரும். குளிர்காலத்தில் அதே குளுமை எலும்பைத் தொடும். சுவரின் உட்பக்கம் ஈரம் கோத்துக் கறுப்புப் பூஞ்சை பிடிக்கும். ஏபால் சரிவு தெற்கே பார்ப்பது, பகல் முழுக்க வெயில் உண்டு. பிள்ளையோடு வருவதால் அந்தப் பக்கமோ, பல்கலைக்கழகத்தை ஒட்டிய ரஃபீதியாவில் தெற்கு ஜன்னல் உள்ள மாடியோ பாருங்கள். ரஃபீதியா முன்பு தனிக் கிறித்தவக் கிராமமாக இருந்து ஊரோடு சேர்ந்தது. கடைகள், மருத்துவமனை எல்லாம் நடை தூரம். ஏபாலில் படிக்கட்டுத் தெருக்கள் மிகுதி. வண்டி எதுவரை வரும், அங்கிருந்து எத்தனை படி என்று எண்ணிப் பார்த்துவிட்டே ஒப்பந்தம் போடுங்கள்.

அறைச் சூடேற்றத்துக்கு இங்கே பலர் கேஸ் ஹீட்டரை நம்புகிறார்கள். அதை மூட்டிய அறையில் ஒரு ஜன்னலை இரண்டு விரல் அளவாவது திறந்து வையுங்கள். தூங்கும்போது கண்டிப்பாக அணைத்துவிடுங்கள்; கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது.

அடுத்தது தண்ணீர். ஊற்றூர் என்று பேர் இருந்தாலும் குழாயில் எந்நேரமும் வராது. பகுதிக்குப் பகுதி முறை வைத்து விடுவார்கள், கோடையில் இடைவெளி நீளும். அதனால்தான் மொட்டை மாடி முழுக்கத் தொட்டிகள். உங்கள் வீட்டுக்கென்று தனித் தொட்டி உண்டா, எத்தனை லிட்டர், எந்த நாளில் தண்ணீர் வரும், மிதவை வால்வு வேலை செய்கிறதா என்ற நான்கையும் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். மூன்று பேருக்கு 1,000 லிட்டரில் ஒன்று போதாது, இரண்டு வேண்டும். வால்வு பழுதானால் முறைத் தண்ணீர் வழிந்தோடிவிட்டு அடுத்த முறை வரை தொட்டி வறண்டு கிடக்கும். மின்சாரத்துக்கு முன்பணக் கட்டண மீட்டர் இருந்தால், வெள்ளிக்கிழமை கடை அடைப்புக்கு முன்பே நிரப்பி வையுங்கள். செலவு இஸ்ரேலிய நாணயமான ஷேக்கலில். வாடகையை மட்டும் ஜோர்டான் தினாரிலோ டாலரிலோ சொல்வார்கள். எந்த நாணயம் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

சுண்ணாம்புப் பாறைத் தண்ணீர் என்பதால் கெட்டிலில் வெள்ளைப் படிவு கட்டும், சோப்பு நுரை திரியும். அப்படியிருந்தும் உலகம் அறிந்த சோப்பு இந்த ஊரில்தான் பிறந்தது. சுற்றியுள்ள மலையெல்லாம் ஆலிவ். கிழக்கே ஜோர்தான் ஆற்றுக்கு அப்பாலிருந்து பெதூயின் நாடோடி மக்கள் கில்வ் என்னும் காரச்செடிச் சாம்பலை ஒட்டகத்தில் கொண்டுவந்தார்கள். எண்ணெயும் காரமும் சந்தித்த கணவாய் இது. எண்ணெய், தண்ணீர், காரம் ஆகிய மூன்றே பொருள். கீழ்த்தளத்தில் பெரிய செப்புக் கொப்பரையில் பல நாள் காய்ச்சுவார்கள், ஆலிவ்க் கொட்டைச் சக்கையே விறகு. பதம் வந்ததா என்பதைத் தலைமைக் கைவினைஞர் மோந்தும் நாக்கில் தொட்டும் சொல்வார். பிறகு வாளியில் மேல்தளத்துக்குச் சுமந்து தரையெங்கும் ஊற்றிச் சமன்செய்து, இறுகியதும் நூலால் கோடு போட்டு, வெட்டி, முத்திரை குத்துவார்கள். கடைசியில் ஆள் உயரத்துக்கும் மேலே உள்ளீடற்ற கோபுரங்களாக அடுக்குவது காற்று புகுந்து மாதக்கணக்கில் உலர்வதற்காக. இந்த உலர்த்தலை அவசரப்படுத்தினால் கட்டி சீக்கிரம் கரைந்து போகும். 1900களின் தொடக்கத்தில் முப்பது அளவில் இருந்த ஆலைகளில் இன்று மிஞ்சியவை சில மட்டுமே. இந்தக் கைத்தொழில் மரபை யுனெஸ்கோ 2024இல் தன் பட்டியலில் சேர்த்தது. நல்ல கட்டி தந்தம் போல வெளிறியிருக்கும், சேர்த்த வாசனை இருக்காது. தலைக்குப் போட்டால் கடின நீரில் பிசுக்குத் தங்கும். எலுமிச்சைச் சாறு கலந்த நீரால் கடைசியாக அலசுங்கள்.

ஊரின் வயதைச் சொல்லவேண்டும். கிழக்கே பலாத்தா மேட்டில் கிடப்பதுதான் விவிலியத்தில் வரும் பழைய சீகேம் நகரம். அதற்கு மேற்கே கி.பி. 72இல் ரோமப் பேரரசர் வெஸ்பாசியன் நிறுவியது ஃப்ளாவியா நியாபொலிஸ், அதாவது புது நகரம். அரபியில் வல்லினப் பகர ஒலி இல்லாததால் நியாபொலிஸ் நாபுலஸ் ஆயிற்று. பழைய நகரத்தில் யாஸ்மீனா, கர்ப், கர்யூன், அகபா, கைசரிய்யா, ஹபலா என்று ஆறு பேட்டைகள். நஸ்ர் சதுக்கத்தின் மணிக்கூண்டு ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது காலத்தது. 1927 ஜூலை 11 நிலநடுக்கம் இந்த ஊரைக் கடுமையாகச் சிதைத்தது. 2002 ஏப்ரலில் இஸ்ரேலியப் படையெடுப்பில் பழைய நகரத்தின் பல கட்டடங்களும் சோப்பு ஆலைகளும் இடிந்தன. சந்துகளில் நடக்கும்போது பழைய கல்லுக்கு நடுவே புதுக் கல் வெளுப்பாகத் தெரிந்தால், அந்த இடத்தில் ஒரு வீடு போயிருக்கலாம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். சுவரில் ஒட்டியிருக்கும், மோதல்களில் உயிரிழந்த இளைஞர்களின் முகங்களை வேடிக்கைக்குப் படம் எடுக்காதீர்கள். அவர்களின் தாய்மார் அதே சந்தில் இருக்கிறார்கள்.

ஜபல் அந்-நார், நெருப்பு மலை என்று ஊருக்கு ஒரு பட்டம் உண்டு. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக 1936 ஏப்ரலில் பொது வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு கிளம்பியது இங்கிருந்து. கவிஞர் ஃபத்வா தூகான் இந்த ஊர்ப் பெண். அவருடைய அண்ணன் இப்ராஹீம் தூகான் எழுதிய பாட்டே 2004 முதல் ஈராக்கின் தேசிய கீதம். உங்கள் கணவர் வரும் அந்-நஜாஹ், 1918இல் பள்ளியாகத் தொடங்கி 1977இல் பல்கலைக்கழகமானது. பேராசிரியர் குடும்பம் என்றால் இங்கே தனி மரியாதை.

கெரிசீமின் உச்சியில் சமாரியர் வாழ்கிறார்கள். உலகெங்கும் சேர்த்தே ஆயிரத்துக்குள் இருக்கும் மக்கள். ஏறக்குறையப் பாதிப்பேர் இங்கே, மீதிப்பேர் டெல் அவீவ் அருகே ஹோலோனில். எருசலேமை அல்ல, கெரிசீமையே புனித மலையாகக் கொள்கிறார்கள். மோசேயின் ஐந்து நூல்கள் மட்டுமே அவர்களுக்கு வேதம். வீட்டுப் பேச்சு நாபுலஸ் அரபி. வசந்தத்தில் பஸ்கா இரவில் ஆடுகளைப் பலியிட்டுக் குழி அடுப்பில் சுடுவதை வெளியாரும் நின்று பார்க்கலாம். சைவர் என்பதால் யோசித்துப் போங்கள். சனிக்கிழமை ஓய்வுநாளில் போய்க் கதவைத் தட்டாதீர்கள், விளக்குக்கூடப் போடமாட்டார்கள். கீழே பலாத்தாவில் யாக்கோபின் கிணறு ஒரு கிரேக்க மரபுத் தேவாலயத்துக்குள் இருக்கிறது. சற்றுத் தள்ளி யோசேப்பின் கல்லறை. அங்கே இரவில் ராணுவக் காவலோடு யூதக் குடியேறிகள் வருவதுண்டு, அப்போது மோதல் நடக்கும். பக்கத்திலேயே 1950இல் அமைந்த பலாத்தா அகதி முகாம். இரவில் அந்தப் பக்கம் போகவேண்டாம், வீடும் பார்க்கவேண்டாம்.

வழிப் பயணத்தில் கவனம் வேண்டும். நாபுலஸைச் சுற்றிச் சோதனைச் சாவடிகளும் இரும்புக் கதவுகளும் உண்டு. காஸா போர் தொடங்கிய 2023 அக்டோபருக்குப் பின் நெருக்கடி கூடியது. ராமல்லாவுக்குச் சாதாரணமாக ஒரு மணி நேரப் பயணம், மூடினால் பல மணி நேரம். சாலை நிலவரம் சொல்லும் டெலிகிராம் குழுக்களைக் கிளம்பும் முன் பாருங்கள்: சாலிக் என்றால் வழி திறப்பு, அஸ்மே என்றால் நெரிசல், ம்ஸக்கர் என்றால் அடைப்பு. சர்வீஸ் எனப்படும் மஞ்சள் வண்டி ஏழு பேர் நிரம்பியதும் எடுக்கும். காசை முன்னால் இருப்பவர் கையில் கொடுத்தால் கைமாறி ஓட்டுநரிடம் போய் மிச்சம் திரும்பி வரும். பாஸ்போர்ட்டும் விசாத் தாளும் எப்போதும் கையில் இருக்கட்டும், படைவீரர்களைப் படம் எடுக்கக் கூடாது. ஜோர்டான் வழி வந்தால், கிங் ஹுசைன் பாலத்தில் ஜோர்டான் விசா தரமாட்டார்கள், முன்பே எடுத்திருக்க வேண்டும். வெள்ளி, சனியில் பாலம் சீக்கிரம் மூடும். வந்ததும் ராமல்லாவில் உள்ள இந்தியப் பிரதிநிதி அலுவலகத்தில் பெயரைப் பதிவு செய்துவிடுங்கள்.

கைப்பேசிக் கடிகாரத்தையும் சொல்லவேண்டும். கோடை நேரத்துக்குப் பாலஸ்தீனமும் இஸ்ரேலும் வெவ்வேறு நாளில் மாறுவதுண்டு. கைப்பேசி இஸ்ரேலியக் கோபுரத்தின் சிக்னலைப் பிடித்தால் ஒரு மணி நேரம் தப்பாகக் காட்டும், பிள்ளை பள்ளியைத் தவறவிடும். தானியங்கி நேரத்தை அந்த வாரங்களில் நிறுத்தி வையுங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். ஆனால் கேட்கத் தெரிய வேண்டும். பிதூன் லஹ்மே, இறைச்சி இல்லாமல், என்று சொன்னால் ஆட்டையும் மாட்டையும் மட்டுமே விலக்குவார்கள், கோழி அதில் சேராது. வலா ஜாஜ், வலா மரகா, கோழியும் வேண்டாம், வேகவைத்த சாறும் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லுங்கள். பருப்பு சூப்பும் சோறும் கோழிச் சாற்றில் வெந்திருக்கலாம். திராட்சை இலைச் சுருளுக்குள் கொத்துக்கறி இருக்கலாம். முஜத்தரா, அதாவது பருப்பும் அரிசியும் வறுத்த வெங்காயமும், நம் வயிற்றுக்கு நன்றாக ஒத்துப்போகும். கருஞ்சீரகத்தை வறுத்து அரைத்த கறுப்பு விழுது கிஸ்ஹா இந்த ஊரின் சிறப்பு. முதல் நாள் கசக்கும். ரவையும் சர்க்கரையும் சேர்த்த கிஸ்ஹா கேக்கிலிருந்து தொடங்குங்கள்.

இந்த ஊரின் பாலாடைக்கட்டி இனிப்பான குனாஃபா பற்றிக் கேட்காமல் இருக்கமாட்டீர்கள். மஸ்திகை பிசினும் மஹ்லப் விதையும் மணக்கும் உப்புப் பாலாடைக்கட்டியைத் துண்டு போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்து உப்பை எடுக்கிறார்கள். அகலத் தட்டில் நெய்யும் ஆரஞ்சு நிறமும் தடவி, மேலே மாவு, அதன்மேல் கட்டி. அடுப்பில் தட்டைச் சுழற்றிக்கொண்டே இருப்பார்கள். இன்னொரு தட்டில் கவிழ்த்துச் சர்க்கரைப் பாகு ஊற்றுவார்கள். கொதிக்கக் கொதிக்கச் சாப்பிட வேண்டும், ஆறினால் கட்டி ரப்பராகிவிடும். வீட்டில் செய்பவர்கள் உப்பை முழுக்க எடுக்காமல் விடுவதே பெரும் தவறு. கட்டியில் பாலை உறையவைக்கச் சேர்க்கும் விலங்கு ரென்னட் இருக்கலாம், கடுஞ்சைவர் விசாரித்து உண்ணுங்கள்.

பேச்சில், நகரத்தார் ககர ஒலியை விழுங்கிக் காபியை அஹ்வே என்பார்கள். கிராமத்தார் கஹ்வே என்பார்கள். வேலை செய்பவரைக் கடக்கும்போது யாத்தீக் இல்-ஆஃபியே, உடம்புக்கு நலம் உண்டாகட்டும், என்று சொல்லிப் பழகுங்கள். அந்த ஒரு வாக்கியம் பல கதவைத் திறக்கும். மூத்த பிள்ளையின் பெயரோடு அபூ (தந்தை), உம் (தாய்) சேர்த்து அழைப்பது மரியாதை, உங்களுக்கும் சில வாரத்தில் அப்படி ஒரு பெயர் வரும். வரவேற்பிலும் துக்க வீட்டிலும் சர்க்கரையில்லாக் காபி சிறு கோப்பையில் தருவார்கள். போதும் என்றால் கோப்பையை லேசாக ஆட்டிக் கொடுங்கள், வெறுமனே நீட்டினால் மறுபடி ஊற்றுவார்கள்.

அக்டோபர், நவம்பரில் ஆலிவ் பறிப்பு. அழைத்தால் கட்டாயம் போங்கள், பிள்ளையையும் கூட்டிப் போங்கள். ஆனால் நிலம் எங்கே என்று கேட்டுவிட்டுப் போங்கள். ஹர் பிராஹா, யித்ஸ்ஹார் என்னும் யூதக் குடியேற்றங்களுக்கு அருகிலுள்ள தோப்புகளில் பறிப்போர் தாக்கப்படுவது தொடர்கிறது.

பெட்டியில் பெருங்காயம், காய்ந்த கறிவேப்பிலை, உளுந்து, சாம்பார்ப் பொடி எடுத்து வாருங்கள். மிளகு, சீரகம், மல்லி, மஞ்சள் எல்லாம் கான் அத்-துஜ்ஜார் கடைத்தெருவில் கிடைக்கும். புளியையும் சுமக்க வேண்டாம். தமர் ஹிந்தி, இந்தியப் பேரீச்சை, என்று அத்தார் எனப்படும் மசாலா, மூலிகைக் கடையில் கேளுங்கள்; ரமலானில் தெருவெங்கும் அதைத்தான் கரைத்துச் சர்க்கரை போட்டுக் குளிர்பானமாக விற்பார்கள்.