அது 1959 காடிலாக்கா, 1960-ஆ? பழைய கார் விளம்பரத் தாளைப் பார்த்து அறியும் விதம்

கேள்வி: நியூ ஜெர்சியில் ஒரு வீட்டுச் சாமான் விற்பனையில் பழைய பத்திரிகையிலிருந்து எடுத்த காடிலாக் விளம்பரத் தாள் ஒன்றை வாங்கினேன். விற்றவர் உறை மேல் '1959 காடிலாக்' என்று எழுதியிருந்தார். ஆனால் 59 என்றதும் நினைவுக்கு வரும் அந்த ராக்கெட் வால் இதில் இல்லை. ஏமாந்துவிட்டேனா? இன்னும் சில தாள்கள் வாங்க ஆசை. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: நீங்கள் ஏமாறவில்லை. நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதில் இருப்பது 1960 மாடல். ஆனாலும் விற்றவர் எழுதியது முழுத் தவறு என்று சொல்லிவிட முடியாது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் படத்தில் கார் முகத்தைக் காட்டி நிற்கிறது, டெயில் லைட் தெரியவில்லை. அதனால் கிரில்லை, அதாவது ஹெட்லைட்களுக்கு இடையே இருக்கும் முகப்புச் சட்டத்தைப் பாருங்கள். 1959 காடிலாக்கில் குமிழ் குமிழாக இருக்கும் கிரில்லின் நடுவே, இடமிருந்து வலமாக ஒரு தடித்த குரோம் பட்டை ஓடி அதை மேல், கீழ் என்று இரண்டாகப் பிரிக்கும். 1960-ல் அந்தப் பட்டையை எடுத்துவிட்டார்கள். உங்கள் தாளில் குமிழ்கள் மேலிருந்து கீழ்வரை தடையில்லாமல் வருகின்றன. பின்னால் எட்டிப் பார்க்கும் வால் துடுப்பும், அதாவது நீங்கள் ராக்கெட் வால் என்று சொன்ன அந்த நிமிர்ந்த பகுதியும், தாழ்ந்திருக்கிறது. பின்பக்கம் தெரியும் தாள் கையில் கிடைத்தால் வேலை இன்னும் சுலபம். 59-ல் துடுப்பின் நடுவில் துப்பாக்கிக் குண்டு வடிவில் இரண்டு சிவப்பு விளக்குகள் துருத்திக்கொண்டிருக்கும். 60-ல் விளக்கு துடுப்பின் ஓரத்துக்குள்ளேயே ஒல்லியாக, செங்குத்தாக அடங்கிவிடும்.

இனி அந்தக் காரணம். அமெரிக்காவில் அடுத்த ஆண்டு மாடல் முந்தைய ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே கடைக்கு வந்துவிடும். 1960 காடிலாக்கின் விளம்பரம் 1959 நவம்பர் இதழில் வந்திருந்தால் அதில் வியப்பில்லை. விற்றவர் இதழின் தேதியைப் பார்த்து எழுதியிருக்கலாம். தாளின் அடி ஓரத்தில், பக்க எண்ணுக்குப் பக்கத்தில், பொடி எழுத்தில் மாதமும் ஆண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் குறிப்பேட்டில் இதழ் ஆண்டு, மாடல் ஆண்டு என்று இரண்டையும் தனித்தனியாக எழுதிவையுங்கள். தொடக்கத்திலேயே இந்தப் பழக்கம் வந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அடுத்து, காரின் நீள அகலத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அன்றைய விளம்பரங்களில் பல ஓவியங்கள்தான். ஓவியர்கள் காரை இழுத்து நீட்டினார்கள், கூரையைத் தாழ்த்தினார்கள், உள்ளே இருப்பவர்களைச் சிறிதாக்கினார்கள். இதைச் சோதிக்க ஒரு துண்டுக் காகிதம் போதும். கார் பக்கவாட்டில் நிற்கும் படத்தில் ஒரு சக்கரத்தின் குறுக்களவை டயரோடு சேர்த்துக் காகிதத்தில் குறியுங்கள். முன் சக்கரத்தின் நடுவிலிருந்து பின் சக்கரத்தின் நடு வரை அந்த அளவு எத்தனை முறை போகிறது என்று எண்ணுங்கள். 59, 60 ஆண்டுகளின் சாதாரண காடிலாக்கில் இரு அச்சுகளுக்கு இடையே 130 அங்குலம், டயரின் உயரம் சுமார் 28 அங்குலம். ஆக, நாலரை முறைக்குக் கொஞ்சம் மேல் வர வேண்டும். ஐந்தையும் தாண்டிவிட்டால் ஓவியர் கைவைத்திருக்கிறார். அது போலித் தாளுக்கு அடையாளம் அல்ல. அந்தக் காலத்து விளம்பரக் கலையே அப்படித்தான்.

அந்தக் கலையின் உச்சத்தைப் பார்க்க வேண்டுமென்றால் 1959-லிருந்து 1971 வரை வந்த பான்டியாக் என்ற காரின் விளம்பரங்களைத் தேடுங்கள். ஆர்ட் ஃபிட்ஸ்பாட்ரிக் காரை வரைவார், வான் காஃப்மன் பின்னணியையும் மனிதர்களையும் வரைவார். படத்தின் மூலையில் இருவரின் பெயர் முதலெழுத்துகளும் இருக்கும். அந்தக் கையெழுத்தைத் தேடிப் பிடிப்பதே எனக்குத் தனி இன்பம். ஃபிட்ஸ்பாட்ரிக் கார் வடிவமைப்பாளராக வேலை பார்த்தவர். தகடு எங்கே வளைகிறது, அந்த வளைவில் வானம் எப்படி விழும் என்பது அவருக்குத் தெரியும். பானெட்டில் தெரியும் பிரதிபலிப்பை ஐந்து நிமிடம் உற்றுப் பாருங்கள், புரியும். பல வருடங்கள் கழித்து, 2008-ல், அமெரிக்க அஞ்சல் துறை வெளியிட்ட ஐம்பதுகளின் கார் அஞ்சல்தலைகளையும் அவர்தான் வரைந்தார். அதில் 1959 காடிலாக் எல்டொராடோவும் உண்டு. அந்த அஞ்சல்தலையை வாங்கி ஆல்பத்தில் வையுங்கள். 59-ன் வாலை ஒப்பிட அதைவிட மலிவான ஆதாரம் கிடைக்காது.

சரி, உருவ அளவை நம்பக் கூடாது என்றால் எதை நம்புவது? எண்ணிப் பார்க்கக் கூடிய உறுப்புகளை நம்புங்கள். ஓவியர் காரை எவ்வளவு நீட்டினாலும் விளக்கின் எண்ணிக்கையை மாற்றமாட்டார். காடிலாக் வரிசை முழுவதும் நான்கு ஹெட்லைட் வந்தது 1958-ல். 57-ல் எல்டொராடோ புரோம் என்ற மிக விலை உயர்ந்த மாடலுக்கு மட்டும் அது இருந்தது. டயரில் அகலமான வெள்ளைப் பட்டை இருந்தால் பெரும்பாலும் 1961 வரையிலான கார். 1962-லிருந்து பட்டை ஏறத்தாழ ஓர் அங்குலமாகச் சுருங்கிவிட்டது. முன் இண்டிகேட்டர் ஆரஞ்சு நிறத்துக்கு மாறியது 1963 மாடல்களில். காரின் பக்கவாட்டில், முன்னும் பின்னும் சின்ன விளக்கோ பிரதிபலிப்பானோ இருந்தால் 1968 அல்லது அதற்குப் பின். அந்த ஆண்டிலிருந்து அது சட்டப்படி கட்டாயம்.

லிங்கன் கான்டினென்டல் வாங்குவீர்களானால் கதவுக் கைப்பிடிகளைப் பாருங்கள். 1961-ல் வந்த வடிவத்தில் பின் கதவின் கீல் பின்பக்கம் இருக்கும். அதனால் இரண்டு கைப்பிடிகளும் நடுவில் அருகருகே நிற்கும். அந்தத் தலைமுறையில் இரண்டு கதவு கார் 1966-ல்தான் வந்தது. இம்பீரியல் காரில் ஹெட்லைட்கள் உடலோடு ஒட்டாமல் தனித்தனியாக நின்றால் 1961 முதல் 63 வரை.

பொடி எழுத்துகளையும் விடாதீர்கள். குதிரைத்திறன் அச்சாகியிருந்தால் அதுவே ஒரு தேதி முத்திரை. எல்டொராடோவுக்கு 1970-ல் 400, 1971-ல் 365, 1972-ல் 235. அதே 8.2 லிட்டர் இன்ஜின்தான். 71-ல் குறைந்ததற்குக் காரணம், ஈயம் இல்லாத பெட்ரோலுக்காக அழுத்த விகிதத்தை, அதாவது இன்ஜினுக்குள் எரிபொருள் கலவை அழுத்தப்படும் அளவை, குறைத்தது. 72-ல் அளக்கும் முறையே மாறியது. அதுவரை இன்ஜினைத் தனியாகக் கழற்றி வைத்து அளந்தவர்கள், பிறகு காரில் பூட்டும்போது வரும் உதிரிகளோடு சேர்த்து அளந்தார்கள். அதேபோல முகவரியில் ஊர்ப் பெயருக்குப் பின்னால் இரண்டு இலக்க எண் மட்டும் இருந்தால் 1943-க்கும் 1963-க்கும் இடைப்பட்டதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு 1963 ஜூலை 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. காடிலாக் விளம்பரங்களில் மேலே 'வி' வடிவச் சின்னம் வைரத்திலோ மரகதத்திலோ மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். அது வெறும் கற்பனை ஓவியம் அல்ல. ஹாரி வின்ஸ்டன், கார்ட்டியே போன்ற நகைக்கடைகள் செய்தவை அவை. கடையின் பெயர் கீழே பொடியாக இருக்கும்.

கடைசியாக, தாள் அசல்தானா என்ற கேள்வி. நான் சேகரிக்கத் தொடங்கிய புதிதில், ஒரு கண்காட்சியில் சட்டம் போட்ட தாள் ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து சட்டத்தைக் கழற்றினால் பின்பக்கம் வெள்ளை வெளேர் என்று இருந்தது. பத்திரிகையின் உள்பக்கத்துக்குப் பின்னால் வேறொரு கட்டுரையோ விளம்பரமோ கட்டாயம் இருக்கும். அன்றிலிருந்து, கழற்றிக் காட்ட மறுப்பவர்களிடம் நான் வாங்குவதில்லை. நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். அசல் அச்சில் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் ஒழுங்கான வரிசையில் பூக்கோலம் போலக் கூடியிருக்கும். எழுத்துகளின் விளிம்பு கூர்மையாக இருக்கும். இன்றைய இன்க்ஜெட் நகலில் புள்ளிகள் தூவிவிட்டதுபோலச் சிதறியிருக்கும், எழுத்தின் விளிம்பும் கலங்கித் தெரியும். தாளின் அளவும் ஒரு சாட்சி. லைஃப் இதழின் பக்கம் ஏறத்தாழ 10½-க்கு 13½ அங்குலம், நேஷனல் ஜியாகிரஃபிக் 7-க்கு 10 அங்குலம். சொல்லும் இதழுக்கும் தாளின் அளவுக்கும் பொருந்தவில்லை என்றால், ஓரத்தை வெட்டியிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

உங்கள் தாளை லேமினேட் செய்ய வேண்டாம், செலோடேப்பும் ஒட்ட வேண்டாம். அமிலம் இல்லாத அட்டையில் வைத்து, வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். மாட்டும் முன் பின்பக்கத்தையும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உறை மேல் இருக்கும் '1959' என்பதை அடிக்க வேண்டாம். அதன் கீழேயே '1960 மாடல்' என்று பென்சிலில் சேர்த்துவிடுங்கள்.