ஆறு வயசுல கடைசியில முளைக்கிற பல்லு விழுந்து முளைக்காதுங்க

கேள்வி: டாக்டர் வணக்கம். நாங்க தர்மபுரி மாவட்டத்துல ஒரு கிராமம். பொண்ணுக்கு ஆறரை வயசு. பால் பல்லுல ரெண்டு சொத்தை வந்து, ஒண்ணுக்கு அடைச்சாச்சு, ஒண்ணுக்கு வேர் சிகிச்சை பண்ணி ஸ்டீல் கேப் போட்டாச்சு. இப்ப அதே டாக்டர் கடைசி நாலு பல்லுக்கு சீலன்ட்னு பல்லு பள்ளத்த மூடற ஒரு பூச்சு போடணும், எல்லா பல்லுக்கும் ஃப்ளோரைடு வார்னிஷ் அடிக்கணும்னு சொல்றாங்க. மாமியார் "விழுந்து முளைக்கிற பல்லுக்கு எதுக்குடி இத்தனை செலவு"ன்னு கேக்குறாங்க. எனக்கு பயம் வேற மாதிரி. எங்க ஊர் போர் தண்ணியில ஏற்கனவே ஃப்ளோரைடு ஜாஸ்தி, வீட்டுக்காரர் பல்லெல்லாம் பழுப்புக் கறை. அதுக்கு மேல இவளுக்கும் ஃப்ளோரைடா? ரெண்டு வயசுல பையனும் இருக்கான்.

பதில்: வணக்கம்மா. மொதல்ல உங்க மாமியாருக்கு பதில் சொல்லிட்டு வந்துடறேன், ஏன்னா அவங்க கேக்குற கேள்விய என் கிளினிக்குல வாரத்துக்கு நாலு பேராவது கேக்குறாங்க.

பொண்ண வெளிச்சமா இருக்கற இடத்துல உக்கார வெச்சு வாயத் திறக்கச் சொல்லுங்க. முன்பல்லு நடுவுல இருந்து ஒரு பக்கமா விரல வெச்சு எண்ணிக்கிட்டே போங்க. பால் பல்லு ஒரு பக்கத்துக்கு அஞ்சுதான். முன்பல்லு ஏதாவது விழுந்திருந்தா அந்த இடத்தையும் சேத்து எண்ணிக்கோங்க. அஞ்சுக்கு அப்புறம் ஆறாவதா, இன்னும் ஈறு கொஞ்சம் மூடின மாதிரி, பெருசா ஒரு பல்லு தெரியுதா? அது பால் பல்லு இல்ல. நிரந்தரப் பல்லு. எந்தப் பல்லும் விழாம, எந்த அறிவிப்பும் இல்லாம, பின்னாடி காலியா இருக்கற இடத்துல சத்தமில்லாம வந்து நிக்கும், அதனாலதான் வீட்ல யாருக்கும் தெரியறதில்ல. மேல ரெண்டு கீழ ரெண்டு, மொத்தம் நாலு. உங்க டாக்டர் சீலன்ட் போடச் சொன்னது இந்த நாலுக்குத்தான். இது போச்சுன்னா இன்னொண்ணு முளைக்காது, அறுபது எழுபது வயசு வரைக்கும் சோத்த மெல்லப் போறது இதை வெச்சுதான்.

உங்கள குத்தம் சொல்லலீங்க. நானே இதுல கோட்டை விட்டவன்தான். ஊர் புள்ளைங்க வாயெல்லாம் பாத்துட்டு வீட்டுக்கு வந்தா, சொந்தப் பையன் வாய திறந்து பாக்க எங்க நேரம்? அவனுக்கு எட்டு வயசாகும்போது ஒரு நாள் ஐஸ்கிரீம் சாப்ட்டுட்டு கன்னத்தப் புடிச்சான், பாத்தா கீழ் கடைவாய்ப் பல்லு பள்ளத்துல கருப்பா கோடு, குத்திப் பாத்தா உள்ள மெத்துனு இருக்கு. பத்து நிமிஷத்துல சீலன்ட் போட்டு காப்பாத்தி இருக்க வேண்டிய பல்ல டிரில் வெச்சு அடைச்சேன். வீட்ல இன்னும் அதச் சொல்லிக் காட்டுவாங்க.

அந்தப் பல்லு மட்டும் ஏன் அவ்ளோ சீக்கிரம் போகுதுன்னா, அதோட மேல் பக்கத்த பாத்தீங்கன்னா ஏரி காஞ்சு வெடிச்ச மாதிரி பள்ளம் பள்ளமா கோடு இருக்கும். சில கோடு எவ்ளோ குறுகல்னா டூத் பிரஷ்ஷோட ஒரு நாரு கூட உள்ள போகாது. நீங்க மூணு வேளை தேய்ச்சாலும் பிஸ்கட் மாவு அதுக்குள்ளயேதான் கெடக்கும். போதாததுக்கு புதுசா முளைச்ச பல்லோட எனாமல், அதாவது வெளி ஓடு, இன்னும் முழுசா இறுகி இருக்காது, எச்சியில இருக்கற கால்சியம் ஏறி ஏறித்தான் கெட்டியாகும், அதுக்குள்ள கிருமி முந்திக்கும். உங்க பொண்ணுக்கு பால் பல்லுலயே ரெண்டு போயிருக்குன்னா அந்தக் கிருமியும் வாயில இருக்கு, அதுக்கு தீனியும் கெடைச்சுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். அதனால உங்க டாக்டர் சும்மா காசு புடுங்கறாங்கன்னு எனக்குத் தோணல, சரியான நேரத்துலதான் சொல்லியிருக்காங்க.

சீலன்ட்னா என்னன்னு பயந்துக்காதீங்க, ஊசி இல்ல, டிரில் இல்ல. பல்ல சுத்தம் பண்ணி, ரெண்டு பக்கமும் பஞ்சு வெச்சு எச்சி படாம பாத்துக்கிட்டு, நீல கலர்ல ஒரு ஆசிட் ஜெல் அரை நிமிஷம் வெப்போம். கழுவும்போது நாக்குல பட்டா லேசா புளிக்கும், "எலுமிச்சம்பழம் மாதிரி இருக்குதா பாப்பா"ன்னு முன்னாடியே சொல்லி வெச்சுட்டா புள்ளைங்க சிரிச்சிட்டே இருக்கும். காத்து அடிச்சு காய வெச்சா அந்த எடம் மட்டும் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளையா மங்கித் தெரியும், அப்படித் தெரிஞ்சாதான் மருந்து புடிக்கும். அதுமேல தண்ணி மாதிரி இருக்கற ரெசின்ங்கற பிளாஸ்டிக் பசைய ஒரு சொட்டு விட்டா பள்ளத்துல தானா ஓடி நெரம்பிக்கும், நீல லைட்ட ஒரு இருபது செகண்டு காட்டினா கல்லு மாதிரி இறுகிடும். ஒரு பல்லுக்கு அஞ்சு நிமிஷம், அவ்ளோதான். இந்த ஆசிட் வெச்சு ஒட்டற வித்தையை அமெரிக்காவுல புவனோகோர்னு ஒரு பல் டாக்டர் 1955-லயே கண்டுபுடிச்சிட்டார், நம்ம ஊர்லதான் இன்னும் பாதிப் பேருக்குத் தெரியல.

பலன் எவ்ளோன்னு கேட்டீங்கன்னா, அமெரிக்க அரசாங்கத்தோட நோய் தடுப்பு மையம் சிடிசி சொல்ற கணக்குப்படி கடைவாய்ப் பல்லுல வர்ற சொத்தையில மொத ரெண்டு வருஷத்துல 80 சதவீதத்த தடுக்குது, நாலு வருஷம் வரைக்கும் பாதியையாவது தடுக்குது. ஏன் குறையுதுன்னா சீலன்ட் தேயும், ஓரத்துல பேந்துக்கும். அதனால ஆறு மாசத்துக்கு ஒரு தடவ காட்டணும், போன எடத்துல திரும்ப போட்டுக்கலாம். "ஒரு தடவ போட்டாச்சு, இனி பயமில்ல"ன்னு விட்டுட்டுப் போறவங்கதான் ஜாஸ்தி.

டாக்டர்கிட்ட ரெண்டு விஷயம் மறக்காம கேளுங்க. ஒண்ணு, பல்லு பாதிதான் வெளிய வந்திருந்து ஈறு மூடிக்கிட்டு இருந்தா, எச்சி படாம காய வெக்கவே முடியாது, ரெசின் நிக்காது. அந்த மாதிரி பல்லுக்கு கிளாஸ் அயனோமர்னு ஒரு சிமெண்ட் இருக்கு, கொஞ்சம் ஈரம் இருந்தாலும் தாங்கும், அதை இப்போதைக்குப் போட்டுட்டு பல்லு முழுசா வந்தப்புறம் ரெசின் போட்டுக்கலாம். ரெண்டாவது, உங்க ஊர் தண்ணியால பொண்ணோட பல்லுலயும் வெள்ளைத் திட்டு இருந்தா அந்த எனாமல்ல ஆசிட் சுலபமா ஏறாது, கொஞ்சம் கூட நேரம் வெக்க வேண்டி வரும். தர்மபுரி, சேலம் பக்கம் இருக்கற டாக்டருங்களுக்கு இது நல்லாவே தெரியும், இருந்தாலும் சொல்லிடுங்க.

இப்ப உங்க பயத்துக்கு வரேன். நியாயமான பயம்தான். ஃப்ளோரைடு ஜாஸ்தியானா பல்லு கறையாகும்ங்கறது உங்க வீட்டுக்காரர் வாயிலயே இருக்கு. வேடிக்கை என்னன்னா, ஃப்ளோரைடோட நல்லதும் கெட்டதும் ஒரே கதையிலதான் வெளிய வந்துச்சு. 1901-ல அமெரிக்காவுல கொலராடோ ஸ்பிரிங்ஸ்ங்கற ஊருக்கு மெக்கேன்னு ஒரு பல் டாக்டர் போறாரு, பாத்தா ஊரே பழுப்புப் பல்லு, நம்ம பென்னாகரம் பாலக்கோடு பக்கம் பாக்கற மாதிரியே. ஆனா சொத்தை மட்டும் கம்மியா இருக்கு. தண்ணியில இருக்கற ஃப்ளோரைடுதான் காரணம்னு 1931-லதான் கண்டுபுடிச்சாங்க. அளவா இருந்தா பல்லுக்கு காவல், மீறிப்போனா கறை, ரொம்ப மீறினா எனாமல் குழி விழுந்து அதுலயே சொத்தை வரும், அதனால "எங்களுக்கு ஃப்ளோரைடு தண்ணி, சொத்தையே வராது"ன்னு நெனச்சிக்கிறதும் தப்பு.

கறை எப்ப விழுதுன்னு புரிஞ்சிக்கிட்டா உங்க பயம் பாதி போயிடும். பல்லு தாடைக்குள்ள உருவாகிட்டு இருக்கும்போது, தினமும் குடிக்கிற தண்ணியில வயித்துக்குள்ள போற ஃப்ளோரைடு ரத்தம் வழியா போய்ப் பண்ற வேலை அது. உங்க பொண்ணுக்கு ஆறரை வயசு, அவளுக்கு முளைக்கப் போற நிரந்தர முன்பல்லோட எனாமல் அஞ்சு வயசுக்குள்ளயே உள்ள தயாராகி முடிஞ்சிருக்கும். கறை இருக்கா இல்லையான்னு ஏற்கனவே முடிவாகிடுச்சு, இனிமே வார்னிஷ் அடிச்சு அதை மாத்த முடியாது.

வார்னிஷ்ல 22,600 பிபிஎம் (பத்து லட்சத்துல 22,600 பங்கு) ஃப்ளோரைடு இருக்கு, பேஸ்ட்ல 1000 தானேன்னு கூகுள் பாத்துட்டு வந்து என்னைக் கேக்குறவங்க உண்டு. நம்பர் உண்மைதான். ஆனா ஒரு புள்ளைக்கு எடுக்கறது அரை மில்லிக்கும் கம்மி, அதுவும் பிசின் மாதிரி பல்லுல ஒட்டி எச்சி பட்டதும் கெட்டியாகி மணிக்கணக்கா மெதுவாத்தான் கரையும், வருஷத்துக்கு ரெண்டு தடவதான் அடிக்கறோம். தினம் ஒரு லிட்டர் போர் தண்ணி குடிக்கறதும் இதுவும் ஒண்ணு கெடையாது. உங்க பொண்ணு மாதிரி ஏற்கனவே சொத்தை வந்த புள்ளைக்கு நான் அடிப்பேன். சீலன்ட் மேல் பள்ளத்த மட்டும்தான் மூடும், பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல வர்ற சொத்தைக்கு அது ஒண்ணும் பண்ணாது, அங்க வார்னிஷ்தான் கொஞ்சம் காப்பாத்தும். காசு இடிக்குது ஏதோ ஒண்ணுதான் முடியும்னா மொதல்ல அந்த நாலு பல்லுக்கு சீலன்ட், வார்னிஷ் அடுத்த தடவ. அரசு ஆஸ்பத்திரி பல் பிரிவுல கேட்டுப் பாருங்க, ஸ்கூலுக்கு வர்ற ஆர்பிஎஸ்கே (அரசாங்கத்தோட குழந்தைகள் உடல்நலத் திட்டம்) டாக்டர் டீம் கிட்டயும் பல்லக் காட்டலாம், அவங்க பாக்க வேண்டிய லிஸ்ட்ல பல்லும் உண்டு.

வார்னிஷ் அடிச்ச அன்னைக்கு பல்லு மஞ்சளா தெரியும், பயப்படாதீங்க, மறுநாள் தேய்ச்சா போயிடும். அன்னைக்கு ராத்திரி பிரஷ் வேணாம், முறுக்கு மாதிரி கடினமானது வேணாம், சூடில்லாத தயிர் சாதம் போதும். வாய்ப்புண் இருந்தாலோ, ஆஸ்துமாவுக்கு ஆஸ்பத்திரியில சேத்த அளவுக்கு தொந்தரவு இருந்தாலோ, பிசின் அலர்ஜி இருந்தாலோ முன்னாடியே சொல்லிடணும்.

சாப்பாடு பத்தி நீங்க கேக்கல, ஆனா ரெண்டு பல்லு போனதுக்கு காரணம் அங்கதான் இருக்கு. எவ்ளோ இனிப்பு சாப்புடுதுங்கறத விட எத்தனை தடவ சாப்புடுதுங்கறதுதான் கணக்கு. ஒரு தடவ க்ரீம் பிஸ்கட் தின்னா வாயில அமிலம் ஏறி அடங்க அரை மணி நேரம் ஆகும், அடங்கறதுக்குள்ள இன்னொண்ணு குடுத்தா பல்லு நாள் முழுக்க அமிலத்துலயே ஊறும். கடலை மிட்டாயோ லட்டோ சோத்தோட சேத்து ஒரே தடவையா குடுத்துடுங்க. படுக்கும்போது சக்கரை போட்ட பூஸ்ட் பால் குடிச்சிட்டு அப்படியே தூங்கற பழக்கம் இருந்தா அதை மட்டும் இன்னைக்கே நிறுத்துங்க, பாலக் குடிச்சிட்டு பல்லு தேய்ச்சிட்டு தூங்கட்டும். பேஸ்ட் பட்டாணி அளவு, நீங்களே தேய்ச்சு விடணும், ஏழு எட்டு வயசு வரைக்கும் புள்ளைங்க கைக்கு கடைசிப் பல்லு எட்டாது.

நீங்க தண்ணியில இருக்கற ஃப்ளோரைடுக்கு பயப்பட வேண்டியது பொண்ண விட அந்த ரெண்டு வயசுப் பையனுக்காகத்தாங்க. அவனோட நிரந்தர முன்பல்லு இப்பத்தான் தாடைக்குள்ள உருவாகிட்டு இருக்கு. அவனுக்கு குடிக்க, பால்ல கலக்க, கஞ்சி காய்ச்ச எல்லாத்துக்கும் போர் தண்ணிய விட்டுட்டு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருதுன்னா அதையே புடிச்சு வெச்சுக்கோங்க. கொதிக்க வெச்சு ஆற வெச்சா சரியாகிடும்னு நெனைக்காதீங்க, கொதிக்க வெச்சா கிருமிதான் சாகும், தண்ணி வத்தி ஃப்ளோரைடு இன்னும் கெட்டியாத்தான் ஆகும். ஆர்.ஓ. ஃபில்டர் வெச்சா பெரும்பாலும் எடுத்துடும். பேஸ்ட் அவனுக்கு ஒரு அரிசி அளவுதான், முழுங்கிட்டாலும் பெருசா ஒண்ணும் ஆகாத அளவு. கலர் கலரா ருசியா இருக்குன்னு டியூப எடுத்து சப்பற வயசு, எட்டாத எடத்துல வெச்சிடுங்க. ஒரு சுத்தமான பாட்டில்ல வீட்டுத் தண்ணிய புடிச்சு குடிநீர் வடிகால் வாரியத்தோட மாவட்ட லேப்ல குடுத்துப் பாருங்க. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள்ள வந்தா நிம்மதி, 1.5 தாண்டியிருந்தா அந்தத் தண்ணி துணி தொவைக்க மட்டும்.