ரீபோர் செய்த அம்பாசடரில் ஒரு சிலிண்டரில் மட்டும் கம்ப்ரஷன் குறைகிறது: ரிங்கா, வால்வா?

நீங்கள் கொடுத்திருக்கும் விவரம்: பழைய 1489 சிசி பிஎம்சி பெட்ரோல் எஞ்சின், ரீபோர் செய்து (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி) 1,500 கி.மீ. ஓடியிருக்கிறது, சூடான பிறகு ஐடிலிங்கில் குலுங்குகிறது. கம்ப்ரஷன் முதல் சிலிண்டரில் 125 பிஎஸ்ஐ, இரண்டில் 80, மூன்றில் 120, நான்கில் 125. இரண்டாவதில் ஆயில் விட்டுப் பார்த்தால் 85. "ரிங் இன்னும் செட் ஆகலை, இன்னொரு ஆயிரம் ஓட்டுங்க" என்கிறார் மெக்கானிக்.

தயவுசெய்து ஓட்டாதீர்கள். இந்த எண்கள் ரிங்கை (பிஸ்டனைச் சுற்றி சிலிண்டர் சுவரை அடைக்கும் வளையம்) காட்டவில்லை, வால்வைத்தான் காட்டுகின்றன. எக்ஸாஸ்ட் வால்வு லீக்கோடு ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் எரிந்த வாயு அந்தச் சந்து வழியாகவே சீறிக்கொண்டு போகும். இன்று லாப்பிங்கில் (பேஸ்ட் போட்டு வால்வைத் தேய்த்துப் பொருத்துவது) முடியக்கூடிய வேலை, நாளை வால்வின் ஓரம் கருகி, அது உட்காரும் விளிம்பான சீட்டையும் சேர்த்து மாற்றும் வேலையாகிவிடும். புது எஞ்சினில் ரிங் உட்காரக் கொஞ்சம் ஓட வேண்டும் என்பது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரே நாளில் ஹோனிங் செய்து (சிலிண்டர் சுவரைத் தேய்த்துச் சீராக்கி) ஒரே செட் ரிங் போட்ட நான்கு சிலிண்டர்களில் மூன்று சரியாக இருந்து ஒன்று மட்டும் 45 பிஎஸ்ஐ பின்தங்கினால், அதற்கு 'செட் ஆகலை' என்பது பதிலே இல்லை.

முதலில் அளவெடுத்த முறை சரியா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். எஞ்சின் ஓடி சூடாக இருக்க வேண்டும். நான்கு பிளக்கையும் கழற்ற வேண்டும், ஒன்றை மட்டும் கழற்றி அளந்தால் ஸ்டார்ட்டர் திணறும். காயிலுக்குப் போகும் சின்ன வயரை எடுத்துவிடுங்கள். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும், சோக் திறந்திருக்க வேண்டும். த்ராட்டில் மூடியிருந்தாலோ பேட்டரி இறங்கியிருந்தாலோ நான்குமே குறைவாகக் காட்டும். அப்படி எதுவும் இல்லாமல் நான்கும் ஒரே அளவில் குறைந்தால் டைமிங் செயின் ஒரு பல் தள்ளி மாட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு கம்ப்ரஷன் அடிக்க விடுங்கள். கடைசி எண்ணை மட்டும் எழுதாமல், முதல் அடியில் முள் எவ்வளவு ஏறியது என்பதையும் எழுதுங்கள். முதல் அடியில் குறைவாக இருந்து அடுத்தடுத்த அடிகளில் படிப்படியாக ஏறினால் ரிங் பக்கம். முதல் அடியிலேயே குறைந்து, அதற்குப் பிறகும் பெரிதாக ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால் நடுவில் ஹெட் கேஸ்கட் (சிலிண்டர் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் இடையே வைக்கும் தகடு). மிகக் குறைந்த அளவு மிக அதிக அளவில் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது என்பது பொதுவான கணக்கு. உங்களுடையது 64 சதவீதம்.

ஆயில் சோதனையில் ஒரு டீஸ்பூன், மிஞ்சினால் இரண்டு போதும். அதிகமாக ஊற்றினால் ஆயிலே இடத்தை அடைத்துக்கொண்டு கம்ப்ரஷனைப் பொய்யாக ஏற்றிக் காட்டும். இந்த எஞ்சினில் பிளக் பக்கவாட்டில் சாய்வாக இருப்பதால் ஆயில் ஒரு பக்கச் சுவரிலேயே தேங்கலாம். அதனால் ஆயில் விட்டதும் நாலு சுற்று சுற்றிவிட்டு அதன் பிறகு கேஜை மாட்டுங்கள். அப்படிச் செய்து, ரிங் சந்தை ஆயில் அடைத்த பிறகும் 5 பிஎஸ்ஐதான் ஏறியது என்றால் காற்று ரிங் வழியாகப் போகவில்லை.

இப்போது ஹெட்டைக் கழற்ற ஓட வேண்டாம். டாப்பட் கேப்பை (வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கர் கைக்கும் இடையிலுள்ள சந்து) பாருங்கள். பழைய ஹெட் வார்ப்பிரும்பு. வால்வு சீட் தனி வளையமாக இல்லாமல் ஹெட்டிலேயே வெட்டப்பட்டது. ஈயம் கலந்த பெட்ரோல் இருந்த காலத்தில் அந்த ஈயம் எக்ஸாஸ்ட் சீட்டுக்கு ஒரு பூச்சுபோலப் பாதுகாப்பு கொடுத்தது. 2000 பிப்ரவரியோடு நாடு முழுக்க ஈயமில்லா பெட்ரோல் வந்துவிட்டது. கெட்டியான சீட் வளையம் அடிக்காத ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வு மெல்ல மெல்ல ஹெட்டுக்குள் இறங்கும். இறங்க இறங்க டாப்பட் கேப் அடைந்துகொண்டே போகும். சத்தம் குறைவதால் ஓட்டுகிறவருக்கு எஞ்சின் நன்றாக இருப்பதாகத் தோன்றும். கேப் முழுக்க அடைந்ததும் வால்வு சூட்டில் நீண்டு சீட்டில் உட்காராமல் நிற்கும். சூடானால் மட்டும் குலுங்குவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

இந்த எஞ்சினுக்கு கேப் 15 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது 0.38 மி.மீ. முன்பக்கத்திலிருந்து எண்ணினால் வால்வுகளின் வரிசை எக்ஸாஸ்ட், இன்டேக், இன்டேக், எக்ஸாஸ்ட், எக்ஸாஸ்ட், இன்டேக், இன்டேக், எக்ஸாஸ்ட். கூட்டினால் ஒன்பது வர வேண்டும் என்ற கணக்கில், 5-ஆம் வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது 4-ஐ அளக்க வேண்டும். அந்த நாலாவதுதான் உங்கள் இரண்டாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட். ராக்கர் நுனியில் குழி விழுந்திருந்தால் ஃபீலர் கேஜ் குழியின் மேலே பாலம்போலக் கிடக்கும். 15 காட்டும் இடத்தில் உண்மையில் 20 இருக்கும். நுனியையும் பாருங்கள்.

கேப் சரியாக இருந்தும் 80 தானா? அப்படியானால் லீக்டவுன் சோதனை: பிளக் ஓட்டை வழியாகக் காற்று கொடுத்து, உள்ளே போகும் அழுத்தத்தை ஒரு கேஜிலும் சிலிண்டரில் நிற்பதை இரண்டாவது கேஜிலும் பார்ப்பது. மூன்றாம் சிலிண்டரின் இரண்டு ராக்கர்களும் ஒன்று மூடி ஒன்று திறக்கும் நிலையில் அசைந்தால், இரண்டாம் சிலிண்டர் கம்ப்ரஷனின் உச்சியில் இருக்கிறது என்று அர்த்தம். டாப் கியரில் போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு 100 பிஎஸ்ஐ காற்று கொடுங்கள். ஃபேனுக்குப் பக்கத்தில் கை வேண்டாம், பிஸ்டன் உச்சியில் சரியாக நிற்காவிட்டால் கிராங்க் சுற்றிவிடும். இரண்டாவது கேஜ் 90 காட்டினால் லீக் 10 சதவீதம், அது நல்ல எஞ்சின். ரிங்கின் இரு நுனிகளுக்கு இடையே கேப் இருப்பதால் லீக் சுத்தமாகப் பூஜ்யம் வராது. 30-ஐத் தாண்டினால் எங்கே சீறுகிறது என்று காதை வையுங்கள். கார்புரேட்டரில் கேட்டால் இன்டேக், சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட், ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கட்.

இங்கே பலர் ஏமாறும் ஓர் இடம் இருக்கிறது. இந்த ஹெட்டில் 2, 3 சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் இரண்டும் ஒரே துளையில் சேர்கின்றன. இரண்டாவது உச்சியில் இருக்கும்போது மூன்றாவதன் எக்ஸாஸ்ட் வால்வு இம்மியளவு திறந்திருக்கும். அதனால் இரண்டாவதன் எக்ஸாஸ்ட் லீக்கான காற்று, மூன்றாவதன் பிளக் ஓட்டை வழியாக வெளியே வரும். அதைக் கேட்டதும் 'நடுவில் கேஸ்கட் போச்சு' என்று முடிவு கட்டிவிடுவார்கள். மூன்றாவதன் எக்ஸாஸ்ட் ராக்கரில் அட்ஜஸ்ட் ஸ்க்ரூவைத் தளர்த்தி அந்த வால்வை முழுக்க மூடவிட்டு மறுபடி கேளுங்கள். சீறல் நின்று சைலன்சருக்கு மாறினால் கேஸ்கட் நன்றாகத்தான் இருக்கிறது. இதற்காக ராக்கர் ஷாஃப்டைக் கழற்றிவிடாதீர்கள்; அதைப் பிடிக்கும் பெரிய நட்டுகள் ஹெட்டையும் பிடிப்பவை. அவற்றைத் தொட்டால் தண்ணீர் வடித்து, எல்லா நட்டுகளையும் வரிசைப்படி தளர்த்தி, திரும்ப டார்க் வைக்க (குறித்த அளவுக்கு இறுக்க) வேண்டிவரும்.

வால்வுதான் என்று உறுதியானால் ஹெட்டைக் கழற்றலாம். வெறும் லாப்பிங் அடித்து மூடவிடாதீர்கள். வால்வைச் சற்றே தூக்கிப் பிடித்து கைடில் (வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழாய்) ஆடுகிறதா என்று பாருங்கள். தேய்ந்த கைடை வைத்துக்கொண்டு சீட் வெட்டினால் சீட் மையம் தள்ளிப்போகும், எவ்வளவு பேஸ்ட் போட்டுத் தேய்த்தாலும் பிடிக்காது. முதலில் கைடு, பிறகு சீட், கடைசியில் லாப்பிங். புது கைடை எக்ஸாஸ்டில் ரொம்ப இறுக்கமாக ரீமர் செய்திருந்தாலும் கோளாறுதான்: குளிரில் சரியாக மூடும், சூட்டில் ஒட்டிக்கொள்ளும்.

சீட்டில் பென்சிலால் குறுக்கே பத்துப் பன்னிரண்டு கோடு போட்டு வால்வை அழுத்திக் கால் சுற்று திருப்புங்கள். எல்லாக் கோடும் ஒரே மாதிரி அழிந்திருக்க வேண்டும். எக்ஸாஸ்ட் சீட் அகலம் ஒன்றரை முதல் இரண்டு மி.மீ. வரை போதும். வால்வு, ஸ்பிரிங், பிளக் எல்லாம் மாட்டிய பிறகு ஹெட்டைக் கவிழ்த்து ஒவ்வொரு குழியிலும் மண்ணெண்ணெய் ஊற்றி ஐந்து நிமிடம் விடுங்கள். வாயு போய்வரும் துளைகளுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் துளையின் சுவர் காய்ந்திருக்க வேண்டும். ஓரத்தில் ஈரம் கசிந்து பளபளத்தாலே அந்த வால்வு திரும்ப வேலைக்குப் போக வேண்டியதுதான்.

லேத்துக்காரர்களை மொத்தமாகக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், கையால் சீட் வெட்டி மண்ணெண்ணெய் சொட்டாமல் கொடுக்கும் ஆட்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் இவ்வளவு பணம் வாங்கிக்கொண்டு 'ஃபுல் எஞ்சின் வேலை' என்று ஒரே வரியில் பில் கொடுப்பது எந்த ஊர் நியாயம்? போர் அளவு, பிஸ்டன் கிளியரன்ஸ், ரிங் கேப், கைடு மாற்றினார்களா, சீட் வளையம் அடித்தார்களா என்று எழுதிக் கொடுக்க ஒரு துண்டுக் காகிதம் போதும். கேட்டால் நம்பிக்கை இல்லையா என்று கோபப்படுகிறார்கள். இன்னொரு பக்கம், எதைக் கேட்டாலும் 'இந்த எஞ்சினைத் தூக்கிப் போட்டுட்டு டீசல் எஞ்சின் மாட்டுங்க' என்று சொல்ல ஒரு கூட்டம். ஒரு வால்வு மூடாததற்கு எஞ்சினையே மாற்றச் சொல்கிறவர்கள் கேஜ் கையில் எடுத்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

ஹெட்டை மாட்டிய பின் டார்க் வைத்து, அதற்குப் பிறகே டாப்பட் வைக்க வேண்டும். 500 கி.மீ. ஓடியதும் எஞ்சின் ஆறியிருக்கும்போது டார்க்கைச் சரிபாருங்கள். கேஸ்கட் அமுங்கியிருந்தால் டாப்பட் கேப்பும் மாறியிருக்கும், அதையும் திரும்ப வையுங்கள். 1,000 கி.மீ.யில் 4-ஆம் வால்வின் கேப்பை மட்டுமாவது அளந்து எழுதுங்கள். அது மறுபடி அடைந்திருந்தால் சீட் இறங்குகிறது என்று பொருள், அதற்கு வளையம் அடிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.